நீலத்தொட்டியின் கணக்கு

18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து செனகலுக்குப் போன ‘கினே’ என்னும் நீலத்துணி அங்கே பணம்போலவே புழங்கியது. அதைக் கொடுத்துத்தான் பிரெஞ்சு வணிகர்கள் கருவேலம்பிசின் வாங்கினார்கள். இந்த வணிகத்தின் உயிர்நாடி கப்பலில் அல்ல, சாயத்தொட்டியின் சுண்ணாம்பில் இருந்தது என்பது என் கட்சி. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்து ஊற்றிப் புளிக்கவிட்டால் அது நிறமிழந்த வேறு பொருளாகிறது. அந்தப் பொருளோ மிக வலுவற்ற அமிலம். காரம் அதன் ஹைட்ரஜனைப் பறித்தால்தான் கரைந்து நூலுக்குள் இறங்கும். இங்கேதான் சிக்கல். புளிப்பில் லாக்டிக் அமிலமும் பிறக்கிறது. ஹைட்ரஜனை இழந்தபின் அதன் எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால், அது நிறமிழந்த நீலத்தைவிட வலுவான அமிலம். போட்ட சுண்ணாம்பை முதலில் விழுங்குவது அதுவே, நீலத்துக்கு மிச்சம்தான். சாயக்காரர் மணமும் நுரையும் பார்த்துச் சுண்ணாம்பை மீண்டும் மீண்டும் சேர்த்தது இதனால்தான்.

இது வெறும் பழக்கம், வேதியியல் அல்ல என்று மறுக்கலாம். பாதி உண்மை. பிரான்ஸ்டெட்டும் லௌரியும் 1923இல் தந்த அமில வரையறையோ, பேயர் 1883இல் கண்ட நீலத்தின் அமைப்போ சாயக்காரர்களிடம் இல்லை. புதிய பொருளொன்றைக் கொடுத்து இதன் வலிமை என்ன என்று கேட்டிருந்தால் திணறியிருப்பார்கள். ஆனால் பழக்கம் என்றால் அளவு மாறாதிருக்க வேண்டும். தொட்டியின் நிலைக்கேற்ப அளவை மாற்றியவர்கள், எந்த அமிலம் முந்தும் என்ற விளைவைக் கணித்தே கைவைத்தார்கள். 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரி வயல்களைக் காலிசெய்தது. அதைக் கரைக்கவும் காரம்தான் வேண்டியிருந்தது.