யாருக்கான நிவாரணம்? அகமதாபாத் கோட்டை நகரும் அதன் சாலைகளும்

அகமதாபாத்தின் பழைய நகருக்குள் கிழக்கு மேற்காக ஏறத்தாழ இணையாகச் செல்லும் இரண்டு பெருஞ்சாலைகள் உண்டு. ஒன்று காந்தி சாலை. ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் ரிச்சி சாலை. மற்றொன்றுக்குத் திலகர் சாலை என்னும் பெயர் இருந்தும் மக்கள் நாவில் இன்றும் அது 'ரிலீஃப் ரோடு'தான். முதற்சாலையின் நெரிசலைத் தணிக்க வெட்டப்பட்டதால் அதற்கு நிவாரணச் சாலை என்று பெயர் அமைந்தது. அந்த நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற வினா, இந்திய நகரங்களின் மையப்பகுதி குறித்த திட்டமிடல் வரலாற்றுக்கே ஒரு திறவுகோலாக அமைகிறது.

1411-இல் முதலாம் அகமது ஷாவால் நிறுவப்பட்ட இந்நகருக்கு, அவர் பேரன் மகமூது பேகடாவின் காலத்தில் மதிற்சுவர் எழுந்தது என்பது மரபு. மதிலுக்குள் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 5.4 சதுர கிலோமீட்டர். பத்ரா கோட்டையிலிருந்து தீன் தர்வாசா என்னும் மூவளைவு வாயில் வழியாகச் செல்லும் அரசவீதி, ஜாமி மசூதி, மாணிக் சௌக் அங்காடி ஆகியவை அதன் நடுநாயகம். இவற்றைச் சூழ்ந்து 'போள்' எனப்படும் குடியிருப்புத் தொகுதிகள் அமைந்தன. ஒற்றை வாயில், கிளை பிரிந்து முட்டுச்சந்தில் முடியும் குறுந்தெருக்கள், பொதுக் கிணறு, பறவைகளுக்கு இரையிடும் சபூத்ரோ மேடை என்பது போளின் பொதுவடிவம். அங்கே தெரு என்பது ஊடுருவிச் செல்லும் பாதையன்று. வீட்டு முற்றத்தின் நீட்சி. ஆயினும் போளை வெறும் அழகியலாகக் காண்பது பிழை. சாதியும் சமயமும் பிரித்து வைத்த அமைப்பு அது. அதன் வாயில் காத்ததைப் போலவே விலக்கவும் செய்தது.

இந்த அமைப்பின் மீது முதல் பெரும் அழுத்தம் இருப்புப்பாதையிலிருந்து வந்தது. 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலால் தொடங்கிய நூற்பாலையும் 1864-இல் வந்து சேர்ந்த ரயிலும் நகரின் ஈர்ப்பு மையத்தைக் கிழக்கு மதிலுக்கு அப்பால் நகர்த்தின. நிலையத்திற்குச் செல்ல மதிலில் பஞ்ச்குவா வாயில் புதிதாகத் திறக்கப்பட்டது. மேற்கே சாபர்மதியின் குறுக்கே 1892-இல் இரும்பாலான எல்லிஸ் பாலம் நிலைபெற்றது. ஒரு முனையில் ரயில் நிலையம், மறுமுனையில் பாலம். இடையில் பழைய நகர். அரசவீதி இதனால் கடந்து செல்லும் வழியாக மாறத் தொடங்கியது. அன்றைய நடுத்தர நகரில், ஊருக்குள் வருவோர், ஊரைக் கடப்போர் என்னும் வேறுபாடு இவ்வாறே தோன்றியது.

இங்கு வந்து சேர்ந்தவர் பாட்ரிக் கெடஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் 1914-இல் இந்தியா வந்த இந்த ஸ்காட்லாந்து அறிஞர், சென்னை மாகாண நகரங்களை நடந்தே ஆராய்ந்தவர். தஞ்சைக் கோட்டை குறித்த அவரது அறிக்கை, நேர்கோட்டுச் சாலைக்காக வீடுகளை வரிசையாக இடிப்பதற்கு மாற்றாக, பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் நீக்கிச் சந்துகளுக்குக் காற்றும் வெளியும் தரும் முறையை முன்வைத்தது. காக்கும் அறுவைச் சிகிச்சை என்று அவர் அதை அழைத்தார். 1915-இல் பம்பாய் மாகாண நகரங்களைப் பார்வையிட்டபோது அகமதாபாத்தின் மதிலை இடிக்கக் கூடாது என்பது அவர் கருத்தாக இருந்தது.

எதிர்த்தரப்பும் பொருளற்றதன்று. கொள்ளைநோய் கண்ட நகரம் அது. ரண்சோட்லால் நகராட்சித் தலைவராகக் குழாய்நீரும் பாதாளச் சாக்கடையும் கொணர முயன்றபோது எழுந்த எதிர்ப்பை நினைவில் கொண்ட சீர்திருத்தவாதிகளுக்கு, பழைய நகர் என்றால் தேங்கிய கழிவுநீரும் குழந்தை மரணமும்தான். பம்பாய் அரசின் ஆலோசக அளவையாளர் மிராம்ஸ், மதிலை அகற்றி வட்டச்சாலை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டமிடல் சட்டம் இத்தகைய பணிகளுக்குச் சட்ட வலுவளித்தது. 1917-இல் நகராட்சிக்குள் நுழைந்து 1924 முதல் 1928 வரை அதன் தலைவராக இருந்த வல்லபபாய் படேலின் காலத்தில் மதில் இடிப்பு முன்னேறியது. காலனி அலுவலர்கள் வகுத்த திட்டத்தைத் தேசிய இயக்கத்தின் தலைவர்கள் தமதாக ஏற்று நிறைவேற்றினர் என்பது வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய முரண். இன்று மதிலின் தடத்தில் சாலை சுற்றி ஓடுகிறது. அதன் வாயில்களில் பல, வாகனங்கள் சுற்றிச் செல்லும் திட்டுகளாக நிற்கின்றன.

வட்டச்சாலையாவது நகரைச் சுற்றிச் சென்றது. ரிலீஃப் ரோடு நகரின் நடுவே சென்றது. போள்களை அறுத்துக்கொண்டு அது வெட்டப்பட்டபோது, வீடிழக்க இருந்தவர்கள் எதிர்த்தனர். ஆயினும் சாலை அமைந்தது. இரு மருங்கிலும் உயர்ந்த வணிகக் கட்டடங்கள் போள்களை மறைத்து நின்றன. 1962-இல் நேரு பாலம் திறக்கப்பட்டதும் மேற்குக் கரைக்கு நேர்வழி கிடைத்தது. நெரிசலைத் தணிக்க வந்த சாலை தானே நெரிசலின் பெயராயிற்று. வசதி படைத்தோர் எல்லிஸ் பாலம் கடந்து மேற்கே குடியேறும் போக்கு முன்பே தொடங்கியிருந்தது. அலுவலகங்களும் திரையரங்குகளும் ஆசிரமச் சாலைக்கு நகர்ந்தன. மையத்தை அடைய அமைத்த வழி, மையத்தை விட்டு வெளியேறவும் அதே அளவு எளிதான வழியாயிற்று.

எனினும் மையம் சாகவில்லை. அதற்கான காரணத்தை மாணிக் சௌக்கில் காணலாம். 1894-இல் நிறுவப்பட்ட அகமதாபாத் பங்குச்சந்தை இயங்கிய இடம் அது. பகலில் பொன், வெள்ளி வணிகம். கடைகள் அடைத்தபின் அதே தரையில் இரவு உணவுக் கடைகள். ஒரே இடம் நேரத்திற்கேற்பப் பயன் மாறுவதால், சிறு பரப்பு பலருக்குப் பிழைப்புத் தருகிறது. இங்கே தலைமுறைகளாகக் காய்கறி விற்ற பெண்கள், போக்குவரத்துக்கு இடையூறு என்ற பெயரில் அகற்றப்பட்டபோது, ஏலா பட் 1972-இல் நிறுவிய சேவா சங்கத்தின் துணையுடன் 1980களின் முற்பகுதியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். தெருவில் நிற்கும் வாகனம் போக்குவரத்து, அமர்ந்திருக்கும் பெண் ஆக்கிரமிப்பு என்னும் வகைப்பாட்டையே அவ்வழக்கு கேள்விக்குள்ளாக்கியது. தெரு வியாபாரிகளுக்கான தேசியச் சட்டம் 2014-இல் வருவதற்கு இத்தகைய போராட்டங்களே அடித்தளம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அணுகுமுறை மாறியிருக்கிறது. பத்ரா கோட்டைக்கும் தீன் தர்வாசாவுக்கும் இடைப்பட்ட வெளி வாகனங்கள் விலக்கப்பட்டு நடப்போருக்கான சதுக்கமாயிற்று. 2017 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்திய நகரம் என்ற தகுதியை அகமதாபாத் பெற்றது. 2022 செப்டம்பர் 30 அன்று திறக்கப்பட்ட மெட்ரோவின் கிழக்கு மேற்குத் தடம், காலுப்பூர், கீகாண்டா, ஷாப்பூர் நிலையங்கள் வழியாகப் பழைய நகருக்கு அடியில் சுரங்கமாகச் செல்கிறது. ரயில் நிலையத்தையும் மேற்குக் கரையையும் இணைக்கும் அதே தேவையை, ரிலீஃப் ரோடு போலத் தெருவரிசைகளைப் பிளக்காமல், தரைக்கு அடியில் நிறைவேற்றும் முயற்சி இது. ஆனால் வாகனங்கள் விலகிய சதுக்கத்தில் வியாபாரிகளுக்கு எவ்வளவு இடம் என்ற சச்சரவு ஓயவில்லை. மரபுச்சின்னத்தின் முன் பார்வையை மறைப்பவர்கள் என்னும் புதிய குற்றச்சாட்டு, போக்குவரத்துக்கு இடையூறு என்ற பழையதன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

நூற்றைம்பது ஆண்டுக்கால இவ்வரலாற்றில் காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன: முதலில் சுகாதாரம், பின்னர் வாகன வேகம், இன்று மரபுரிமை. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமுடையதே. ஆனால் ஒவ்வொரு முறையும், நகர மையத்தில் தங்கி வாழ்வோரும் நின்று விற்போரும் திட்ட வரைபடத்தில் இடம்பெறாதவர்களாகவே இருந்தனர். கடைவீதிக்கு உயிர் தருபவர் அங்கு நிற்பவரே. கடந்து செல்பவர் அல்லர். மையப்பகுதியைப் புத்துயிரூட்டக் கிளம்பும் இன்றைய நடுத்தர நகரங்கள், வாகன எண்ணிக்கைக் கணக்கெடுப்போடு, அத்தெருவில் எந்நேரத்தில் யார் அமர்ந்து என்ன விற்கிறார்கள் என்னும் கணக்கெடுப்பையும் செய்தாக வேண்டும். தஞ்சைச் சந்துகளில் நடந்தே ஆய்வு செய்த கெடஸின் முறை அதைத்தான் கோரியது. அந்த இரண்டாம் கணக்கு இல்லாமல் வரையப்படும் திட்டம் எவ்வளவு பசுமையானதாயினும், அது இன்னொரு ரிலீஃப் ரோடாகவே முடியக்கூடும்.