நகையின் உள்ளும் புறமும்

பொன்னும் மணியும் பற்றிய பேச்சு என்றால், அது வணிகர்க்கு உரியது, நமக்கென்ன என்று மாணவர்கள் ஒதுக்கிவிடுவது உண்டு. ஆனால் நம் பெருங்காப்பியம் ஒன்றின் கதை, ஒரு நகையைச் சோதித்துப் பாராமையால் திரும்பிய கதை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் நாம் காணும் எழுத்துகளுள் ஒரு பெரும்பகுதி நகைக் கணக்கு. நல்ல நகையைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்ற கேள்வி இந்நாட்டில் மிகப் பழையது.

முதலில் மதுரைக்குச் செல்வோம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் அந்நகரின் கடைவீதிகளைக் கண்டு வருகிறான். அங்கே மணிகள் விற்கும் வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், மணிகளின் அழகை மட்டும் பாடி நின்றுவிடவில்லை; அவற்றின் குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறார். வயிரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை எனக் குற்றம் நான்கு. காகபாதம் என்பது காக்கையின் கால்போல் கிளைத்த கீறல்; விந்து என்பது புள்ளி; ஏகை என்பது கோடு. முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றங்கள் உண்டு. பவழத்தில் உள்துளையும் முறுக்கும் பார்க்கவேண்டும். இன்று வயிரம் தேர்வோர் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஆடியைக் கண்ணில் வைத்துத் தேடுவதும் ஏறக்குறைய இவற்றையே. வடமொழியில் உள்ள மணிநூல்களும் காகபாதம் முதலிய இக்குற்றங்களைக் கூறுகின்றன. ஆகவே இது ஒரு புலவரின் கற்பனை அன்று. வணிகரிடையே நாடெங்கும் பரவியிருந்த தொழிலறிவு என்று கொள்ளலாம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் முற்றுப்பெற்ற மணிகளோடு, அரைகுறையாக நின்ற மணிகளும் கிடைத்துள்ளன. மணித்தொழில் அங்கேயே நடந்தது என்பதற்கு அவை சான்று.

மணிவீதியை அடுத்தது பொன்வீதி. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று பொன் நான்கு வகை. எக்கடையில் எவ்வகை கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதபடி அங்கே கொடிகள் கட்டியிருந்தனவாம். கடைக்காரரே தம் பொன்னின் வகையை வெளிப்பட அறிவித்து விற்கும் இவ்வழக்கம் வியப்புக்குரியது.

இத்துணை நுட்பம் அறிந்த அந்நகரில்தான் கோவலன் கொலையுண்டான். சிலம்பை விற்க வந்தவனைப் பொற்கொல்லன் கண்டான். அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் இவனே என்று அரசனிடம் சொன்னான். அரசன் அச்சிலம்பை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லவில்லை. புற வேலைப்பாட்டில் இரண்டும் ஒத்திருந்தன, அதுவே போதுமானதாயிற்று. கண்ணகி வந்து கேட்டபோதுதான் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் பற்றிய பேச்சு எழுந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தபின் மாணிக்கம் தெறித்தது. உடைக்கவேண்டியதை ஒரு நாள் முன்னே உடைத்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். காப்பியத்தை ஊழ்வினையின் கதையாகப் படிப்பது மரபு. ஒரு சான்றை ஆராயாமல் ஏற்றதன் கதையாகவும் அதனைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

பொன்னைச் சோதிக்கும் பழைய கருவி உரைகல். கட்டளைக்கல் என்றும் சொல்வர். பொன்னைக் கல்லில் உரைத்து, மாற்று அறிந்த ஆணிகளின் உரைகோட்டை அதன் அருகில் இட்டு, நிறத்தை ஒப்பிடுவார்கள். பத்தரைமாற்றுத் தங்கம் என்று இன்றும் நற்குணத்துக்கு உவமை சொல்கிறோமே, அச்சொல் இத்தொழிலிலிருந்து வந்ததுதான். ஆனால் உரைகல்லுக்கு ஒரு குறை உண்டு: அது மேற்பரப்பை மட்டுமே சொல்லும். உள்ளே செம்பு இருந்து மேலே பொன்பூச்சு இருந்தால், அரத்தால் ஆழமாக அராவிய பிறகே உரைக்கவேண்டும்.

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். பெரிய கோயில் 1010-இல் நிறைவெய்தியது. அரசனும் அவன் தமக்கை குந்தவையாரும் அரசியரும் கொடுத்த நகைகள் அக்கோயிற் கல்லில் எழுதப்பட்டுள்ளன. 1891 முதல் அவை நூலாக வெளிவந்தன. அவற்றைப் படிப்பவர் முதலில் சோர்வடைவர்; கணக்கு, கணக்கின்மேல் கணக்கு! சிறிது பொறுத்துப் படித்தால் அங்கே ஒரு பெரிய நேர்மை புலப்படும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணி இழைத்த நகையை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னின் தரம் தண்டவாணி என்னும் மாற்றளவுக்கு எவ்வளவு தாழ்ந்தது என்பதையும் குறிக்கிறார்கள். அரசன் கொடுத்த பொன்தானே என்று அதை விட்டுவிடவில்லை.

முத்துகளைப் பற்றிய குறிப்பு இன்னும் சுவையானது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வடிவும் நிலையும் நோக்கிப் பிரிக்கிறார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியின் சாயலையும் சொல்கிறார்கள். வயிரத்தில் புள்ளியுடையன இத்தனை, முறிந்தன இத்தனை என்று குற்றமும் கணக்கில் ஏறியது. நகையின் உள்ளே இட்ட அரக்கும் எடையில் சேர்ந்திருப்பதைக் கல்லே ஒப்புக்கொள்கிறது. இறைவனுக்குக் கொடுத்த பொருளில் குறையிருப்பதை எழுத யாரும் கூசவில்லை. பின்னாளில் கணக்குப் பார்க்கும் ஒருவன், கல்லில் உள்ள நகைதான் கருவூலத்தில் உள்ளதா, அல்லது வேறொன்று மாற்றி வைக்கப்பட்டதா என்று தேர்ந்தறிய அக்குறைகளே அடையாளம். ஒரேமாதிரி இரண்டு சிலம்பு இருக்கலாம். ஒரேமாதிரிக் கீறல் இரண்டு வயிரத்தில் இருப்பது அரிது.

இன்று இவ்வேலையை வேறு வகையில் செய்கிறோம். 916 என்னும் எண் 22 காரட் பொன்னைக் குறிக்கும். ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பது பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை 2021 சூன் மாதத்திலிருந்து படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்பிரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம் உண்டு. இப்போது எக்சு-கதிர்க் கருவி கொண்டும் பொன்னைப் பார்க்கிறார்கள். அதுவும் பழைய உரைகல்லைப்போல மேற்பரப்பையே நன்கு காணும். உள்ளே ஐயம் தோன்றினால் சிறு துண்டு வெட்டி உருக்கித்தான் துணியவேண்டும். கல் பதித்த நகை வாங்கும்போது பொன்னெடையும் கல்லெடையும் சீட்டில் தனித்தனியே எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கல்லையும் அரக்கையும் பொன்விலைக்கு வாங்கிவந்த குடும்பங்கள் எத்தனையோ!

வாங்கிய நகையைக் காப்பதிலும் உள்ளிருப்பதை அறிதல் வேண்டும். வெறும் பொன்நகைக்குப் பூந்திக்கொட்டை நீரும் மெல்லிய துணியும் போதும். அரக்கு நிரப்பிய நகையையோ, பின்புறம் மூடிக் கல் பதித்த நகையையோ நீரில் ஊறவைத்தல் கூடாது. வெந்நீர் ஆகவே ஆகாது. வயிரம் எல்லாவற்றையும் கீறும். ஆதலால் அதனைத் தனியே ஒரு துணியில் பொதிந்து வைக்கவேண்டும். கடினமானதாயினும் ஓங்கி அடித்தால் அது பிளந்துபோகும். மரகதத்தின் இயற்கை வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பது வழக்கம்; சூடான சோப்பு நீர் அந்த எண்ணெயை இழுத்துவிடும், பிறகு வெடிப்புத் தெரியும். முத்து இவை எல்லாவற்றிலும் மென்மையானது. வியர்வை, எலுமிச்சை, வாசனைத் திரவியம் ஆகியவை அதன் ஒளியை உண்டுவிடும். எனவே முத்துமாலையை ஒப்பனை எல்லாம் முடிந்தபின் அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றித் துடைத்து வைக்கவேண்டும். அதன் நூல் நாளடைவில் நைந்துபோவது இயல்பு. முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்திருந்தால், நூல் அறுந்தாலும் ஒரு முத்தே உதிரும். மற்றவை மாலையிலேயே நிற்கும்.