பேரிங்கின் முதுகில் எழுதிய வரலாறு

பழைய அம்பாசடர் என்ஜினைப் பிரித்தால், கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் ஓடுகளின் முதுகில் 010, 020 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த எண் ஓட்டின் அளவைக் குறிப்பதன்று. சாணை பிடித்ததில் தண்டின் விட்டம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் குறிப்பது. 010 என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு. தண்டு மெலிந்ததை ஈடுசெய்ய ஓடு தடித்திருக்கும். ஆயினும் அதற்கு வழங்கும் பெயர் ‘அண்டர்சைஸ்’. தடித்த பொருளொன்று, தான் தாங்கும் தண்டின் இழப்பால் ‘குறையளவு’ என்று பெயர் பெற்றிருக்கிறது. மொழியியல் பயின்ற எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் பிறந்தது இப்பெயரிலிருந்துதான்.

பேரிங்கை எண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் ஒரு தாங்கி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த உலோகம் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஃபோர்டு மாடல் டி காலத்தில் இந்த உலோகத்தை உருக்கி என்ஜினிலேயே வார்ப்பர். தண்டில் நீலச்சாயம் தடவிச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டுவர். ஒவ்வொரு தாங்கியும் ஒரே ஒரு தண்டுக்கு உரியது. அங்கே தேர்வுக்கு இடமில்லை. மெல்லிய ஓடுகளைத் தொழிற்சாலையிலேயே துல்லியமாகச் செய்யும் முறை அமெரிக்காவில் தோன்றி, டோனி வாண்டர்வெல் வழியாகப் பிரிட்டனுக்கு வந்தது. அதன் பின்னரே பேரிங் கடையில் வாங்கும் பொருளாயிற்று.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றலான அம்பாசடர், வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது. மெட்ரிக் முறைக்கான சட்டத்தை இந்தியா 1956இல் இயற்றிய பின்னரும், அதன் 1489 சி.சி. என்ஜின் அங்குலத்திலேயே பேசியது. தண்டின் முதன்மைத் தாங்கிடங்களின் விட்டம் 2 அங்குலம். மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு தாங்கிடத்தையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும், இரு முனைகளிலும் அளப்பர். வட்டம் நீள்வட்டமாகியிருந்தாலோ, ஒரு முனை ஒடுங்கியிருந்தாலோ தண்டை அடுத்த அளவுக்குச் சாணை பிடிப்பர். 10, 20, 30, 40 என்று நான்கு படிகள். புதிய காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்டில், அந்த நான்கு எண்களும் ஓர் என்ஜினின் நான்கு மறுபிறவிகள்.

1983இல் குர்கானிலிருந்து மாருதி வெளிவந்தது. பின்னர் வந்த எஸ்டீமின் சுசூகி ஜி13 என்ஜினில் தேர்வின் இலக்கணமே வேறு. தண்டில் 1, 2, 3 என்னும் எண்கள். பிளாக்கில் ஏ, பி, சி என்னும் எழுத்துகள். இரண்டும் சேரும் ஒன்பது இணைகளுக்கு ஐந்து பேரிங்குகள்: பச்சை, கறுப்பு, நிறமற்றது, மஞ்சள், நீலம். ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் தடிமன் வேறுபாடு 0.003 மி.மீ. மட்டுமே. நிறமற்றதும் ஒரு வகையே; உருபு இல்லாத எழுவாய் வேற்றுமையும் ஒரு வேற்றுமையாக இருப்பதைப் போல.

அம்பாசடர் ஓட்டின் எண், தண்டு வாழ்ந்து தேய்ந்ததைச் சொல்கிறது. எஸ்டீம் தண்டின் எண், அது பிறந்தபோது இருந்த அளவைச் சொல்கிறது. சாணை பிடித்த பிறகு, பிறப்புக் குறி அழியாமல் நிற்கலாம். ஆனால் அது உண்மையன்று. அதை மட்டும் நம்பி ஓட்டைத் தேர்ந்தால் எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி பிழைபடும். என்ஜின் தட்டும், அல்லது இறுகி நின்றுவிடும். எனவே தேர்ந்த மெக்கானிக் குறியைப் படித்த பின்னும் அளக்கிறார். ஓட்டைப் பொருத்திய பின், மெல்லிய பிளாஸ்டிக் இழையை இடையில் வைத்து இறுக்கி, நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியை மீண்டும் சரிபார்க்கிறார். ஆவணத்தை அணுகும் ஆய்வாளருக்கும் இதுவே முறை.

2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. நமது மோட்டார் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் உரிமக் கொள்கைகளையும் கொண்டே எழுதப்படுகிறது. பழுதுபார்ப்பின் வரலாற்றுக்கான சான்றுகளோ, எடைக்கு விற்கப்படும் பழைய இரும்போடு உருகிப்போகின்றன. அந்த ஓடுகளின் முதுகைப் படம்பிடித்து, எண்ணைக் குறித்துவைக்க அதிகச் செலவாகாது. களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள், அடுத்த முறை ஒரு பட்டறைக்குள்ளும் நுழைந்து பாருங்கள்.