விளக்குக்கு இழுத்த ஒயரில் அடுப்பு

கரண்ட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் எல்லாம் அடுப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஈரக்கையோடு தொடாதே, வெறும் பாத்திரத்தை ஏற்றி வைக்காதே, கண்ணாடி விரிசல் விட்டால் மாற்று. எல்லாம் சரிதான். ஆனால் அடுப்பு நேற்று வந்தது. அதைச் செருகும் சுவருக்குள் ஓடும் ஒயர், பல வீடுகளில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் வேறொரு வேலைக்காக இழுக்கப்பட்டது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு மின்சாரம் எதற்காக வந்தது, எந்த வரிசையில் வந்தது என்று பார்த்தால், மின் அடுப்பின் அபாயம் அடுப்பில் இருப்பதைவிடச் சுவரில்தான் அதிகம் இருக்கிறது என்பது புரியும். அந்த அபாயத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதே என் கட்சி.

தொடக்கம் மேட்டூர். 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் திறக்கப்பட்ட அணை, முதலில் தஞ்சைப் பாசனத்துக்கான அணை; மின்சாரம் அதன் இரண்டாவது பிள்ளை. அணையடி மின்நிலையத்தில், ஒவ்வொன்றும் 10 மெகாவாட் திறன்கொண்ட எந்திரங்கள் 1937இல் ஓடத் தொடங்கின. நீலகிரியின் பைக்காரா மின்சாரமும் மேட்டூர் மின்சாரமும் ஈரோட்டில் கைகோத்தன. டெல்டாவுக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம். அந்தத் தண்ணீர் போகிற போக்கில்தான் எந்திரத்தைச் சுற்றிவிட்டுப் போக வேண்டும். எனவே நெல்லின் நாள்காட்டிக்குக் கட்டுப்பட்ட மின்சாரம் அது. அதை யார் வாங்கினார்கள்? அணை கட்டி முடித்த கையோடு வந்த மேட்டூர் கெமிக்கல்ஸ் போன்ற ஆலைகளும் பஞ்சாலைகளும். 1965இல் மேட்டூரிலேயே மால்கோ அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அலுமினியம் உருக்குவது மின்சாரத்தைக் குடம்குடமாகக் குடிக்கும் தொழில். உள்ளூர் மின்சாரத்தைக் கொண்டு வெப்பம் உண்டாக்கும் வேலை இந்த மாவட்டத்தில் தாராளமாக நடந்தது. ஆனால் ஆலைக்குள் மட்டும்.

ஆலைக்கு அடுத்தபடி கிணறு, அதற்கடுத்து தறி. ஆறு ஓரமாக மட்டும் ஓட, மற்ற நிலமெல்லாம் கிணற்றை நம்பிய பூமி இது. 1957 ஜூலையில் மின்வாரியம் உருவான பிறகு கம்பங்கள் ஊர் ஊராக நடப்பட்டபோது ஊரார் கேட்டது மோட்டாருக்கான கரண்ட்தான். அந்தக் கேட்பு எவ்வளவு தீவிரமானது என்பதற்குப் பெத்தநாயக்கன்பாளையம் சாட்சி. 1972 ஜூலையில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் போராட்டத்தின்போது அங்கே துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பின்னர் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், அந்தப் பத்தாண்டு முடிந்த கையோடு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்னொரு பக்கம் குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை என்று விசைத்தறி வீட்டுக்குள்ளேயே குடியேறியது. முன்கட்டில் தறி மின்சாரத்தில் ஓடும். பின்கட்டில் அதே வீட்டுச் சோறு குச்சிக்கிழங்குக் குச்சியிலும் பருத்திமாரிலும் சோளத்தட்டிலும் வேகும். சம்பாதிக்கும் அறைக்கு வந்த கரண்ட், சமைக்கும் அறைக்கு ஒரு குண்டு பல்பை மட்டும் அனுப்பிவைத்தது.

இதில் வரலாறு என்ன இருக்கிறது, வெறும் வறுமைதானே என்று கேட்கலாம். விறகு காட்டிலிருந்து சும்மா வந்தது, கரண்டுக்குக் காசு. இதற்கு மேல் விளக்கம் எதற்கு? பாதி உண்மை. ஆனால் வசதிக்குக் குறைவில்லாத, நாலைந்து தறியும் தோட்டத்தில் மோட்டாரும் வைத்திருந்த வீடுகளும் மின்சாரத்தில் சமைக்கவில்லையே. காசு இருந்தபோது அவர்கள் வாங்கியது முதலில் ரேடியோ, பிறகு மின்விசிறி, கிரைண்டர், மிக்சி. இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும்: ஒன்றுகூட வெப்பம் தரும் பொருள் அல்ல. எல்லாம் சுழல்வது அல்லது பேசுவது. அரசும் இதே வரிசையில்தான் யோசித்தது. 2011இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இருந்தன. அடுப்பைப் பொறுத்தவரை 2007லேயே இலவச எரிவாயு இணைப்பும் காஸ் அடுப்பும் கொடுத்தாகிவிட்டது. மின்சாரம் அரைக்கும், காஸ் வேகவைக்கும் என்ற வேலைப்பிரிவினை அப்படி நிலைத்தது. பெண்ணின் தோள்வலியைக் குறைப்பதற்குக் கரண்டைக் கொடுத்த சமூகம், அவள் கண்ணில் ஏறிய புகைக்கு அதைக் கொடுக்க வெகுகாலம் நினைக்கவே இல்லை.

இந்த வேலைப்பிரிவினை சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. அன்றைய ஒயர்மேன் மர ரீப்பர் பட்டையின் மேல் கிளிப் அடித்து ஒயரை ஓட்டினார். அறைக்கு ஒரு விளக்கு, கூடத்தில் ஒரு விசிறி, சுவிட்ச் போர்டில் ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட். அடுப்படிக்குத் தனி லைன் என்பது யார் மனதிலும் இல்லை. தாமிரம் இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒரு காலகட்டத்தில் வீடுகளுக்கும் அலுமினிய ஒயரே போட்டார்கள். அலுமினியம் மோசமான உலோகம் அல்ல. ஆனால் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெளிந்துகொடுக்கும், மேல்பரப்பில் ஆக்சைடு படியும், இரண்டும் சேர்ந்து இணைப்பைத் தளர்த்திவிடும். மெயினில் பீங்கான் பீஸ் கட்டை. பீஸ் போனால் கையில் கிடைத்த தாமிர இழையை முறுக்கிச் சொருகுவது வீட்டுக்கு வீடு நடந்தது. முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் வேலை சுத்தமாக இருந்தது என்பதல்ல, சுமை இல்லை என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 230 வோல்ட்டில் 40 வாட் பல்பு இழுக்கும் கரண்ட் ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். 2000 வாட் அடுப்பு இழுப்பது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர், ஐம்பது மடங்கு. ஒயர் இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், ஐம்பது மடங்கு கரண்டுக்கு 2500 மடங்கு சூடு. பிளக் பாயிண்டுக்குப் பின்னால் தளர்ந்த திருகு ஒன்றில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்பு எரியும்போது அங்கே உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் நூறில் இரண்டு பங்குகூடத் தேறாது. அடுப்பு எரியும்போது அதே இடத்தில் சுமார் 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம். பிளக் முள் கருகுவது, போர்டு மஞ்சளித்து உருகுவது, மீன் அழுகியதுபோல் ஒரு நாற்றம் வருவது எல்லாம் இதன் அறிகுறிகள். அடுப்பு கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. மிக்சி இதைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் அது 500 வாட்டில் மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடும். குருமா கொதிக்க அரை மணி நேரம் ஆகும்.

விதிவிலக்காக ஒரு மின் அடுப்பு வெகுநாளாக இருந்தது: பீங்கான் தட்டின் பள்ளத்தில் திறந்தபடி கிடக்கும் நிக்ரோம் காயில். தனியாகத் தங்கியிருப்பவர்களின் அறைகளில் டீயும் முட்டையும் அதில்தான். உயிருள்ள கம்பிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத இந்த அடுப்புதான், ‘கரண்ட் அடுப்பு ஆளைக் கொல்லும்’ என்ற பயத்தை ஊட்டியது. பயம் நியாயமானதே. கரண்டி நழுவிக் காயிலைத் தொட்டால் ஷாக் கைக்கு வந்துவிடும். அறுந்த காயிலை முறுக்கி ஒட்டவைத்தால் முறுக்கிய இடம் மட்டும் கூடுதலாகப் பழுத்து மறுபடி அறும். குழாய்க்குள் காயிலை அடைத்த மூடிய அடுப்பு இதைவிட எவ்வளவோ மேல். அந்தக் குழாய்க்குள் காயிலைச் சுற்றி இறுக்கி நிரப்பப்படுவது மக்னீசியா தூள். வெப்பத்தைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. சேலத்தார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பதும் மக்னீசியாதான். சேலத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கல் மலையாகக் கிடக்க, இரும்பு உலைகளின் செங்கல்லுக்கு அது பேர்போனதே தவிர, அடுப்படியோடு யாரும் அதைச் சேர்த்துப் பேசியதில்லை.

இனி, காஸைவிட மின் அடுப்பு ஆபத்தில்லாதது, இதைப் போய் இவ்வளவு பயமுறுத்துவானேன் என்ற ஆட்சேபம். 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் காஸ் வெடித்து வீடுகள் இடிந்து உயிர்கள் பலியானதை மறந்துவிட்டு இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியாது. சுடர் இல்லை, கசிவு இல்லை, சேலையில் தீப்பற்றும் வாய்ப்பு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். காஸ் எந்நேரமும் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தென்மாநிலங்களுக்கு எரிவாயு சுமக்கும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல்தான். 2025 மார்ச் இறுதியில் அந்த லாரிகள் சில நாள் நின்றபோது தென்னிந்தியா முழுக்கக் கவலைப்பட்டது. ஆக, மின் அடுப்பு வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. காஸ் ஆபத்தை நாம் மதித்ததால்தான் அதற்கு ரெகுலேட்டர், டியூப் மாற்றும் தேதி, வாசனைப் பொருள் என்று ஓர் ஒழுங்கு உண்டானது. கரண்ட் அடுப்போ விருந்தாளி மாதிரி வந்து, டிவியும் செல்போன் சார்ஜரும் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் உட்கார்ந்துகொண்டது.

வந்த நேரமும் விசித்திரம். சென்னைக்கு வெளியே நாளில் பாதி கரண்ட் இல்லாமல் கிடந்த 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இண்டக்ஷன் அடுப்பு கடைகளில் குவிந்தது. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானதும் பில்லைப் பற்றிய பயமும் கொஞ்சம் தெளிந்தது. முதல் சிக்கல் பாத்திரம். 1981இல் ஓடத் தொடங்கிய சேலம் உருக்காலையின் பேரைச் சொல்லியே எவர்சில்வர் விற்ற ஊர் இது. ஆனால் 304 ரக எவர்சில்வரைக் காந்தம் பிடிக்காது. காந்தம் பிடிக்காததை இண்டக்ஷன் சூடாக்காது. சீர்வரிசையாக வந்த குண்டாக்கள் பரணிலேயே இருக்க, அடியில் காந்த உலோகம் ஒட்டிய பாத்திரம் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் விசிறி இருப்பதால் துணியோ செய்தித்தாளோ விரித்து அதன்மேல் வைக்கக் கூடாது. சமைத்ததும் விசிறி ஓய்ந்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். உள்ளே கதகதப்புக்குக் கரப்பான் சேரும். வெல்லப்பாகு மட்டும் தனிக் கவனம் கேட்கும். பிலிக்கல்பாளையம் வெல்லம் சந்தைக்கு வரும் நாட்டில் பாகு காய்ச்சாத வீடு ஏது? வழிந்த பாகு சூடான கண்ணாடியில் இறுகினால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும். அடுப்பை அணைத்து, கைபொறுக்கும் அளவு ஆறியதும், முழுதாக இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும் என்பதால், அந்த அடுப்பை அன்றோடு நிறுத்த வேண்டியதுதான்.

எம்.சி.பி. போட்டாயிற்று, எது நடந்தாலும் டிரிப் ஆகிவிடும் என்பார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எம்.சி.பி. பார்ப்பது கரண்டின் அளவை. தளர்ந்த திருகு அளவை ஏற்றுவதில்லை, இருக்கிற கரண்டிலேயே சூடாகிறது; எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. பழைய மெல்லிய ஒயர்மேல் பெரிய எம்.சி.பி.யை மாட்டினால், பழைய பீஸ் கட்டைக்குள் முறுக்குக் கம்பி செருகிய கதைதான், பார்வைக்கு மட்டும் நாகரிகம். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. உலோக உடம்புள்ள அடுப்புக்கு எர்த்தும் வேண்டும். அதிலும் இந்த நிலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே பாறை. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி, ஐப்பசியில் நன்றாக வேலை செய்து சித்திரையில் காய்ந்து பேருக்கு நிற்கும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய ஒயர்மேன்கள் சொல்லிவந்த வேலை; போர் போட ஆயிரம் அடி இறங்கும் ஊரில் எர்த்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

மெயினிலிருந்து அடுப்படிக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பவர் பிளக் என்று தனி லைன் இழுத்துவிட்டால் மேலே சொன்ன கவலையில் பெரும்பகுதி தீரும். சொந்த வீட்டுக்காரருக்கு அது இரண்டு நாள் வேலை. மின்வாரியத்தில் அனுமதித்த மின்பளு போதவில்லையென்றால் அதற்கும் ஒரு விண்ணப்பம். தறிப்பட்டறைகளைச் சுற்றி வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே பல குடும்பங்களுக்கு ஒரே மெயின், ஆளுக்கொரு சப்-மீட்டர், ஒயர் வீட்டுக்காரருடையது, அடுப்பு குடியிருப்பவருடையது. சுவரைத் தோண்டக் குடியிருப்பவருக்கு உரிமையில்லை; அந்த வீட்டில் சமைக்காத வீட்டுக்காரருக்கு அவசியமும் தெரிவதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீருக்கும் கரண்ட் யூனிட்டுக்கும் இருக்கும் வரி, ஒயருக்கு இதுவரை எழுதப்படவில்லை.