மரைன் டிரைவ் (மும்பை)

மரைன் டிரைவ் என்பது தென் மும்பையில், பேக் பே எனப்படும் குடாவை ஒட்டி, நரிமன் பாயிண்டிலிருந்து மலபார் குன்றின் அடிவாரம் வரை ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறை வடிவில் வளைந்து செல்லும் கடற்கரைச் சாலையும், அதன் கடல்பக்கத்து அகன்ற நடைபாதையும் ஆகும். அரசுப் பதிவுகளில் இதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. இரவில் மலபார் குன்றிலிருந்து பார்ப்போருக்கு விளக்குகளின் வரிசை மணிமாலைபோல் தெரிவதால் ‘குயின்ஸ் நெக்லஸ்’ என்ற பெயரும் வழங்குகிறது. பிரான்ஸின் நீஸ் நகரில் மத்தியதரைக் கடலோரம் செல்லும் புகழ்பெற்ற நடைபாதையுடன் இதை ஒப்பிடுவது வழக்கம். ஆயினும் நீஸின் நடைபாதை, குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயச் செல்வர்களின் பணத்தில் 1820களில் தொடங்கியது. மும்பையினதோ, இடநெருக்கடியில் தவித்த வணிக நகரம் கடலைத் தூர்த்து நிலம் தேடிய முயற்சியில் பிறந்தது. உல்லாசத்துக்காக எழாத இச்சாலை நாட்டின் மிகக் கவர்ச்சியான கடற்கரைகளுள் ஒன்றானதே இதன் தனிச் சிறப்பு.

சாலையின் முதற்பகுதி கென்னடி சீ ஃபேஸ் என்ற பெயரில் 1915 டிசம்பரில் தொடங்கி 1920இல் முடிந்தது. அதே காலத்தில் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் குடாவின் பெரும்பகுதியையே தூர்க்கும் திட்டத்தை முன்வைத்தார். கடலடிச் சேற்றைத் தோண்டி எடுத்து, கடல்சுவருக்கு உட்புறம் கொட்டி நிலமாக்குவது இதன் செய்முறை; ஆனால் கொட்டிய சேறு சுவரின் இடுக்குகள் வழியே மீண்டும் கடலுக்கே கசிந்ததால் செலவு மதிப்பீட்டைக் கடந்து பெருகியது. இந்த விரயத்தை அஞ்சாமல் வெளிக்கொணர்ந்த வழக்கறிஞர் குர்ஷேத் நரிமன்மீது திட்டப் பொறியாளர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தபோதும், நரிமன் விடுதலை பெற்றார். திட்டத்தில் கைவிடப்பட்ட பகுதிகளில் ஒன்று விடுதலைக்குப் பின் தூர்க்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நரிமன் பாயிண்ட் ஆயிற்று. நகரம் தன் தவறைச் சுட்டிக்காட்டியவருக்குச் செய்த மிகப் பொருத்தமான மரியாதை இது.

தூர்த்த நிலத்தில் 1930களிலும் 40களிலும் எழுந்த அடுக்குமாடி வீடுகள் ஆர்ட் டெக்கோ பாணியைச் சேர்ந்தவை. அலங்காரத் தூண்களையும் கோபுரங்களையும் தவிர்த்து, கான்கிரீட்டின் வளைந்த கோடுகளாலும் வடிவியல் உருக்களாலும் அழகு தேடிய இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலைப் பாணி அது. நடப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியவை சிறு கூறுகளே: மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, கப்பல் தளத்தில் இருப்பது போன்ற கிடைக்கம்பிக் கைப்பிடி, வட்டச் சன்னல், வெயிலும் மழையும் உள்ளே வராமல் ஒவ்வொரு சன்னலுக்கு மேலும் நீளும் சஜ்ஜா. உயரத்தில் ஏறத்தாழ ஒத்த இவ்வரிசையே சாலைக்கு அதன் முகத்தைத் தருகிறது. இடையே ஒரு கட்டடம் மட்டும் இடிக்கப்பட்டு வானளாவ எழுந்தாலும் அந்த முகம் கெடும். 2018இல் யுனெஸ்கோ, ‘மும்பையின் விக்டோரிய கோதிக், ஆர்ட் டெக்கோ கட்டடத் தொகுதிகள்’ என்ற பெயரில் இவ்வரிசையையும் உள்ளடக்கிய 94 கட்டடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கடல்சுவருக்கு வெளியே குவிந்து கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் டெட்ராபாட் எனப்படும். 1950இல் பிரான்ஸில் வடிவமைக்கப்பட்ட இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அலையின் வேகத்தை உடைக்கின்றன. அவற்றின்மேல் இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. மழைக்காலத்துப் பேரலை நாட்களில் சுவரைத் தாண்டி நீர் சாலையில் விழும். இங்கே கடலில் குளிக்கவும் முடியாது. சுவரின்மேல் அமர்ந்து சூரிய மறைவைப் பார்ப்பதே இவ்விடத்தின் இன்பம். அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வடமுனையிலுள்ள கிர்காவ் சௌபாத்தியில்தான் மணல் உண்டு. 1920இல் பாலகங்காதர திலகரின் உடல் எரியூட்டப்பட்டது இங்கேதான். விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள் பல முடிவதும் இங்கேதான். பேல்பூரிக் கடைகளின் வரிசையும் இம்மணலை ஒட்டியே உள்ளது.

மரைன் டிரைவுக்குச் செம்பூரிலிருந்து புறநகர் ரயிலின் ஹார்பர் தடத்திலும் மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் தடத்திலும் வருவோர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கி நடப்பதே சிறந்தது. வழியிலுள்ள ஓவல் மைதானத்தின் கிழக்கே உயர்நீதிமன்றமும் 1878இல் முடிந்த ராஜாபாய் கோபுரமும் கோதிக் பாணியில் நிற்க, மேற்கே ஆர்ட் டெக்கோ வீடுகள் அவற்றை எதிர்கொள்ளும். அரை நூற்றாண்டு இடைவெளியில் நகரத்தின் ரசனை எவ்வளவு மாறியது என்பதை ஒரே பார்வையில் காட்டும் இடம் இதைப்போல் இந்தியாவில் வேறில்லை எனலாம். மைதானத்தின் வடமேற்கில் 1938இல் திறந்த ஈராஸ் திரையரங்கு உள்ளது. மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையங்களிலிருந்து வெஸ்டர்ன் தடத்தின் ஸ்லோ ரயில், சாலைக்கு அருகிலுள்ள சர்ச்கேட்டுக்கு நேரே வரும். தாராவியினருக்கு 2025 அக்டோபர் முதல் நிலத்தடி மெட்ரோவும் சர்ச்கேட் வரை கிடைக்கிறது.

மறுநாளும் செலவிட முடிந்தவர்கள் நகரின் கிழக்குக் கரைக்குச் செல்லலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டு 1924இல் திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியாவும், 1903இல் திறந்த தாஜ் மகால் ஓட்டலும் அங்கே அருகருகே உள்ளன. கேட்வேயிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எலிபெண்டா தீவை அடையலாம். அங்குள்ள குடைவரையில் மும்முகத்துடன் தோன்றும் சதாசிவ வடிவம் ஆறு மீட்டருக்கு மேல் உயரமானது. குடைவரைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மரைன் டிரைவுக்கு விடுமுறையும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.