கர்ணனின் கிரீடம்

2012 மார்ச்சில் 'கர்ணன்' புதுப்பொலிவுடன் மீண்டும் திரைக்கு வந்தபோது அப்பாவைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றேன். 1964இல் அதே ஊரில் அதே படத்தைப் பார்த்தவர் அவர். நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெரிய படம் என்றால் சேலத்துக்குப் பயணம் போவதும் வழக்கமாக இருந்தது. குந்தி மகனை மடியில் கிடத்திக்கொள்ளும் இடத்தில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பும் பேருந்தில் நெடுநேரம் பேசவில்லை. ராசிபுரம் தாண்டியபின், "அன்னிக்குப் பாத்தப்ப கிரீடம் முழுசாத் தெரிஞ்சுதே கண்ணு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாக என்னை விடவில்லை.

பந்துலு இயக்கி, சிவாஜியும் என்.டி.ராமராவும் நடித்து, கண்ணதாசன் பாடல்களுக்கு விசுவநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த படம் அது. 1964 பொங்கலன்று எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' படத்தோடு போட்டியிட்டு வெளிவந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒலியையும் ஒளியையும் துப்புரவாக்கி, அகன்ற திரைக்கேற்ப மாற்றி வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாள்களைத் தாண்டி ஓடிற்று. அந்த வெற்றியின் தெம்பில் 'பாசமலர்' 2013இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும் மறுபடி வந்தன.

மறுவெளியீடு தேவைதானா என்று கேட்பவர்களுக்கு நம் பகுதியே ஒரு பதில் வைத்திருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் (1907-1963) சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே உருவானதே. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) கூட அவர்கள் தயாரிப்புதான். இன்று 'பாலன்' படச்சுருள் இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) சுருளும் இல்லை. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு நிற்கிறது, படப்பிடிப்புத் தளங்கள் இல்லை. ஆகவே செலவு செய்து ஒரு பழைய படத்தைத் தூசி தட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பணத்துக்காகச் செய்தார் என்பதும் எனக்குக் குற்றமாகப் படவில்லை. ஏடு படியெடுத்தவர்களும் கூலி வாங்கியவர்கள்தாம்.

ஆனால் துப்புரவு வேறு, திருத்தம் வேறு. பழைய படச்சட்டத்தின் அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. அதை இன்றைய அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் நறுக்கினால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் உயரம் போய்விடும். தலையில் கிரீடமும் காலில் பாதுகையும் அணிந்த புராணப் பாத்திரங்களுக்கு இது சாதாரண இழப்பன்று. 2004இல் 'முகலே ஆசம்' முழுக்க வண்ணமேறி வந்தது. 2010இல் தெலுங்கு 'மாயாபஜார்' படத்துக்கும் வண்ணம் பூசினார்கள். கறுப்பு வெள்ளைக்கென்றே மார்கஸ் பார்ட்லே அமைத்த ஒளியின்மீது பூசப்பட்ட சாயம் அது. பார்க்க அழகுதான். ஆனால் அது வேறொரு படம்.

கணினி விளையாட்டுகளிலும் இதே வழக்கு நடப்பதாக என் மாணவர் ஒருவர் சொன்னார். 'வார்கிராப்ட் 3' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் மெருகேற்றிய வடிவம் 2020 ஜனவரியில் வந்தது. பழைய ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் மென்பொருளும் புதியதாக மாற்றப்பட்டுவிட்டது. பழையதை ஆட நினைத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். எனக்கு அவர்கள் கோபம் உடனே புரிந்தது. புதிது வந்தது குறையில்லை, பழையதன் இடத்தில் அது வந்து உட்கார்ந்ததுதான் குறை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வராமல் போகார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடு சிதைந்த இடங்களில் தம் புலமையைக் கொண்டு அவர் இட்டு நிரப்பவில்லை, புள்ளி வைத்தார். 267, 268 ஆகிய இரு பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்களை இன்றும் வெற்றிடமாகவே காண்கிறோம். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். அவர் செய்ததும் மறுவெளியீடுதான். எது ஏட்டிலிருந்தது, எது பதிப்பாசிரியன் செய்தது என்று வாசகன் பிரித்தறிய முடியும் என்பதே வேறுபாடு.

சென்ற ஆண்டு 'கர்ணன்' படத்தின் பழைய பிரதி ஒன்றை வட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்பா சொன்னது பெரும்பாலும் சரி. சில அண்மைக் காட்சிகளில் மட்டும் கிரீடத்தின் முனை பழைய சட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. நினைவும் ஒரு மறுவெளியீடுதான் போலும்.

இனிப் பழைய படம் எதையேனும் புதுப்பிப்பவர்களிடம் நான் வேண்டுவது ஓர் அட்டை. எந்தச் சுருளிலிருந்து எடுத்தோம், எதை நறுக்கினோம், எந்த இசையைப் புதிதாகச் சேர்த்தோம், மூலப்படியை எங்கே வைத்திருக்கிறோம் என்று படத்தின் தொடக்கத்தில் அரை நிமிடம் காட்டட்டும். புகையிலை எச்சரிக்கைக்கு அதைவிட அதிக நேரம் ஒதுக்குகிறோம்.