மரத்தின் வயதும் ஆளின் சேவையும்

2007 நவம்பரில் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்று பெரிய தோட்ட நிறுவனங்கள் ஒன்றாயின. லாபுவிலிருந்து போர்ட்டிக்சன் வரைக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பலவற்றின் நுழைவாயிலில் பலகை மாறியது. அதே ஆண்டில் இந்தியாவில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில், விமான நிறுவனங்கள் இணையும்போது இரு தரப்பு ஊழியர்களின் பணிமூப்பையும் நியாயமான முறையில் ஒரே பட்டியலாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. விமானி விஷயத்தில், இணைப்பு என்றதுமே எழும் முதல் கேள்வி 'யாருக்குப் பின்னால் யார்?' என்பது. பால்மரம் சீவியவர்களின் விஷயத்தில் அந்தக் கேள்வியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. தோட்டம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் நிலம், மரம், ஆலை, லயம் எல்லாம் எண்ணிக் கணக்கெடுத்து ஒப்படைக்கப்பட்டன. உழைத்தவர்களின் ஆண்டுகள் மட்டும் அந்தக் கணக்கில் உறுதியான இடம் பெறவில்லை. மலேசியத் தமிழர் வறுமைக்குக் குறைந்த கூலியைக் காரணம் காட்டுவது நம் வழக்கம். அது உண்மைதான். ஆனால் உழைத்த ஆண்டுகள் சேர்ந்து பெருகவிடாமல் மீண்டும் மீண்டும் அறுக்கப்பட்டதும் அதே அளவு காரணம் என்பது என் வாதம்.

விமானிகளிடம் பணிமூப்பு என்பது வெறும் மரியாதை அல்ல. எந்த விமானத்தை ஓட்டுவது, எப்போது கேப்டனாவது, எந்த ஊரில் தங்குவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவது என்பதையெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ள எண்தான் தீர்மானிக்கிறது. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ நிறுவனத்தின் சொத்துகளை வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பகுதியினர் புதிய பட்டியலின் அடிப்பகுதிக்குத் தள்ளப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த ஆட்குறைப்பில் முதலில் விழுந்தவர்களும் அவர்களே. 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த அநீதிதான் உடனடிக் காரணம். இந்தியாவில் இணைப்புக்கு ஐந்தாண்டுகள் கழித்தும் புண் ஆறவில்லை. 2012இல் புதிய போயிங் 787 விமானத்துக்கு யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற சச்சரவில் பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் ஆண்டுகளைக் காப்பாற்றிக்கொள்ளப் போராட அவர்களிடம் பட்டியல் இருந்தது, சங்கம் இருந்தது, நாட்டையே நிறுத்தும் வலுவும் இருந்தது.

நாள்கூலிக்குப் போகிறவனுக்கு ஏது பணிமூப்பு என்று கேட்கலாம். இருபது ஆண்டு வேலை செய்தவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் கூலி ஒன்றுதானே? கூலி ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றாக இருக்கவில்லை. தோட்டத்தின் மூப்பு எழுதப்படாத மூப்பு. மேட்டு நிரையா சமதள நிரையா, பால் நன்றாகச் சுரக்கும் இளமரமா பட்டை தேய்ந்த கிழமரமா என்பதில் அது இருந்தது. முதுகு வளைந்த பிறகு மரத்தைவிட்டு இலேசான வெளிக்காட்டு வேலைக்கு மாறுவதிலும், மகனுக்குப் பேர் பதிவதிலும், மண்டோர் (மேற்பார்வையாளர்) பதவிக்கு யாரைக் கிராணி (தோட்ட எழுத்தர்) சொல்வார் என்பதிலும் இருந்தது. பிறகு சட்டமும் ஆண்டுகளை எண்ணத் தொடங்கியது. மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டப்படி ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், ஐந்தாண்டைக் கடந்தால் 16 நாள். மருத்துவ விடுப்பு 14 நாளிலிருந்து 22 நாளாக உயர்கிறது. சேவை அறுந்தால் மனிதன் 16இலிருந்து 8க்கும் 22இலிருந்து 14க்கும் இறங்குகிறான். ஐம்பது வயதில் மூட்டுவலியோடு விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த எட்டு நாள் சின்ன விஷயமில்லை.

இந்த ஆண்டுகள் முதலில் யாருடையவையாக இருந்தன என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். கங்காணி காலத்தில் தொழிலாளிக்குத் தோட்டத்தோடு நேரடி உறவு குறைவு. கங்காணி தன் ஊரிலிருந்து ஆள்கட்டி வந்தார். தம் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்பத் தலைக்காசு பெற்றார். அவர் கோபித்துக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனால் கூட்டமும் சேர்ந்து நடந்தது. ஆளின் உழைப்புக் காலம் அப்போது கங்காணியின் சொத்து. 1938இல் உதவி பெற்றுக் கூலிகள் வருவதை இந்திய அரசு தடுத்ததும், போரும், போருக்குப் பின் வந்த தொழிற்சங்கங்களும் அந்த முறையை உடைத்தன. நெகிரி செம்பிலானில் சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன் தலைமையில், பல மாநிலச் சங்கங்கள் சேர்ந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தொழிலாளி இனி நிறுவனத்தின் ஆள். செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உண்டு. அந்தப் புத்தகமோ நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தது. கங்காணியின் கையிலிருந்த ஆண்டுகள் தோட்ட மேலாளரான துரையின் கைக்கு மாறின. தொழிலாளியின் கைக்கு வரவில்லை.

அது எவ்வளவு பெரிய பலவீனம் என்பதைத் துண்டாடல் காட்டியது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தின் அச்சமும், சுதந்திரம் நெருங்குகிறது என்ற கணக்கும் சேர்ந்து 1950களில் ஆங்கிலேய உரிமையாளர்கள் பலரை விற்றுவிட்டுப் போகத் தூண்டின. வாங்கியவர்கள் பெரும்பாலும் கூட்டுச் சேர்ந்த உள்ளூர் முதலீட்டாளர்கள். அவர்களுக்குத் தோட்டம் நடத்தும் எண்ணம் இல்லை. மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, சில்லறையாக விற்பதில்தான் இலாபம். நூறு ஏக்கருக்குக் குறைந்த கித்தா (ரப்பர்) நிலம் கணக்கில் தோட்டமே அல்ல, சிறுதோட்டம். ஆக, ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்று பல பேரிடம் போனபோது மரங்கள் அங்கேயே நின்றன, தோட்டம் என்ற அமைப்பு மறைந்தது. அதோடு முதலாளியும் மறைந்தார். புதிய துண்டுக்காரர்கள் குடும்பத்தோடு சீவினார்கள், அல்லது குத்தகைக்காரரிடம் விட்டார்கள். சங்கம் முதலாளிகள் அமைப்போடு போட்ட கூலி ஒப்பந்தம் அந்த அமைப்பின் உறுப்பினர்களைத்தான் கட்டுப்படுத்தியது. சிறு துண்டுக்காரர் அதற்கு வெளியே நின்றார். நேற்றுவரை ஒப்பந்தக் கூலியும் லயத்து வீடும் உடையவராக இருந்தவர், அதே மரத்தை அதே கத்தியால் சீவினாலும் இன்று புதிதாய்ச் சேர்ந்த ஆள், அதுவும் பேச்சுக்கூலி ஆள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல் ஆராயப்பட்டது, நிலைமையின் கடுமை எழுத்தில் பதிந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளி. லயத்து மக்கள் கொடுத்த அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. இந்தக் கூட்டுறவை நாம் பெரும்பாலும் நிலம் வாங்கிய சாதனையாகவே பேசுகிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தோட்டம் துண்டாகாமல் முழுதாக நின்றால் முதலாளி தொடர்கிறார், ஆண்டுகளும் தொடர்கின்றன. சேவையைக் காப்பாற்ற வேறு வழி இல்லாததால் தோட்டத்தையே வாங்க வேண்டியிருந்தது. விமானிகள் தங்கள் பட்டியலைக் காக்க விமான நிறுவனத்தையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு காரியம் அது.

வாங்குகிறவர் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. நான் வாங்கியது நிலத்தை, பழைய முதலாளியின் கடமைகளை அல்ல. முப்பதாண்டுச் சுமையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள், தோட்டம் பாழாகும், தொழிலாளிக்கு இருக்கிற வேலையும் போகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தின் விலை எப்படிப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். கித்தா மரம் நட்டுச் சுமார் ஆறு ஏழு ஆண்டு கழித்தே சீவலுக்கு வரும். அதற்குப் பிறகு இருபது இருபத்தைந்து ஆண்டு பால் தரும். ஆகவே மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது மரத்தின் வயது. எந்தக் காட்டில் எந்த ஆண்டு நட்டது, பட்டை எவ்வளவு மிச்சம், அடிமரம் காயப்படாமல் சீவப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் விலையில் சேர்க்கிறார். பட்டை மிஞ்சியிருப்பது யாரால்? கத்தியின் ஆழத்தை மயிரிழை அளவில் அடக்கி, உள்மரத்தைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் சீவிய கைகளால். அந்தக் கைத்திறன் மரத்தில் படிந்து விலையாகிறது. அந்த விலை விற்றவருக்குப் போகிறது. வாங்குபவர் பழைய ஆண்டுகளின் பயனை விலை கொடுத்துப் பெறும்போது, அந்த ஆண்டுகளின் கடமையை மட்டும் தமக்குத் தெரியாது என்பது எப்படிப் பொருந்தும்? கடமையையும் விலையில் கழித்துக்கொள்ளட்டும். விற்பவர் அவ்வளவு குறைவாகப் பெறட்டும். கணக்கு அப்போதுதான் நேராகும்.

எல்லாக் கைமாற்றமும் துண்டாடல் போல இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் மலேசிய அரசின் பெர்மோடாலான் நாசியோனல் முதலீட்டு நிறுவனம் கத்ரியின் கட்டுப்பாட்டைப் பெற்றது. அந்த நேரம் இங்கே கத்ரி தோட்டங்களில் பால் நிறுத்து முடிந்த பிற்பகல். மறுநாள் விடியலில் பெரட்டு வழக்கம்போல நடந்தது. மாறியது பங்குகள் மட்டுமே. முதலாளி என்ற சட்ட உருவம் அப்படியே இருந்தது, எனவே சேவையும் அறவில்லை. டன்லப் தோட்டங்கள் 1980களில் மல்டி பர்ப்பஸ் வசம் போய், பிறகு 1990இல் ஐஓஐ கைக்கு வந்தபோதும் நிறுவனமே கைமாறியது. பஹாவ் வட்டாரத்தில் அந்தத் தோட்டங்களில் இருந்த தொழிலாளிகள் அந்த வகையில் தப்பினார்கள். இதில் எனக்கு உறுத்துவது இதுதான்: ஒரே வேலை, ஒரே மரம், ஒரே லயம். முப்பதாண்டு நிலைப்பதா அழிவதா என்பதை முடிவு செய்தது எங்கோ வழக்கறிஞர் ஒருவர் எழுதிய பத்திரம் பங்கு விற்பனையா நில விற்பனையா என்பது. டிடபிள்யூஏ விமானிகளும் அந்தப் பொறியில் விழுந்தவர்களே. அங்கும் வாங்கப்பட்டவை சொத்துகள்.

1980இல் வந்த பணிநீக்கச் சலுகை விதிகள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டன என்பார்கள். பாதி அடைத்தன. உரிமை மாறி ஏழு நாளுக்குள், முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனையில் புதியவர் வேலை தந்தால் சேவை தொடர்ந்ததாகக் கருதப்படும். தராவிட்டால் பழையவர் இழப்பீடு கொடுக்க வேண்டும். சேவை ஈராண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் கூலி, ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். நல்ல விதிதான், 1950களில் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிலைத்திருக்கும். ஆனால் குத்தகைக்காரரிடம் வேலை செய்பவரின் சேவை ஓராண்டு தொடர்ந்ததாகக் காட்டுவதே கடினம். ஓராண்டு தொடராவிட்டால் இந்த விதிக்குள்ளேயே வர முடியாது. வாங்குபவர் தோட்டம் நடத்தவே போவதில்லை என்றால், ஏழு நாளுக்குள் தர வேலையும் இல்லை. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் லாபுவிலும் தோட்ட நிலம் வீடமைப்பாகவும் புறநகராகவும் மாறியபோது நடந்தது இந்தக் கடைசிக் கைமாற்றம். முப்பதாண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி வரும். 2013இல் தொடங்கிய 900 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்து 600ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 20,800 வெள்ளி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் லயத்தையும் காலி செய்ய வேண்டும். வேலையோடு கட்டப்பட்ட வீடு வேலையோடு போகிறது.

ஆண்டுகளை ஆளோடு சேர்த்துக் கட்ட முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதியில் பணம் தொழிலாளியின் பெயரில் சேர்கிறது. தோட்டம் விற்கப்பட்டாலும், துண்டானாலும், மூன்று நிறுவனம் ஒன்றானாலும் கணக்கு அதேதான். விமானியின் பறப்புக் குறிப்பேட்டைப் போல அது ஆளோடு நடக்கிறது. எந்த மாதம் எந்த முதலாளி செலுத்தினார் என்பதும் அதில் பதிவாகிறது. செக்ரோல் புத்தகங்கள் அலுவலகத்தோடு மூடப்பட்ட இடங்களிலும் அந்தப் பதிவு நிற்கிறது. விடுப்பையும் இழப்பீட்டையும் இப்போதைய முதலாளியிடம் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாமல், அந்தக் கணக்கில் முதல் தவணை விழுந்த மாதத்திலிருந்து எண்ணச் சட்டம் சொல்லலாம். ஒவ்வொரு முதலாளியின் பங்கையும் அவர் செலுத்திய மாதங்களின்படி பிரிக்கத் தேவையான விவரம் முழுதும் அங்கே இருக்கிறது.